ஒரு சட்டி, இரண்டு முள்கரண்டி

லைட்ஹவுஸ் குப்பம்,
6 ஆகஸ்ட் 2025

ஜாக்குலின் அக்காவுக்கு,

போனில் எங்க அண்ணனை பிளாக் பண்ணீங்க, நியாயம். கூடவே என்னையும் பண்ணீங்க, அது மொத்த வியாபாரம். போஸ்ட்மேனை பிளாக் பண்ண இன்னும் வழி வரலை, அதனால் இந்தக் கடிதம். முகவரி, உங்க ஹாஸ்டலுக்குக் கருவாடு அனுப்பின பார்சல் சீட்டில் கிடைச்சது. அந்த வாசனையில் வார்டன் உங்களை எப்படிப் பார்த்தாங்கன்னு நீங்க சொன்னதை நினைச்சு இன்னும் சிரிக்கிறேன்.

நான் எழுதற ரெண்டாவது கடிதம் இது. முதல் கடிதம் தமிழ் பரீட்சையில், எங்க ஊருக்குப் பஸ் விடச் சொல்லி மாவட்ட ஆட்சியருக்கு. அவர் இன்னும் பதில் போடலை. நீங்களும் அவரை மாதிரி இருந்துடாதீங்க.

விஷயத்துக்கு வர்றேன். சனிக்கிழமை எங்க முரளி அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில், மீன் வாசனை போக நாலு தடவை குளிச்சு, உங்க பிறந்தநாளுக்காக மெட்ராஸ் கிளம்பிச்சு. ஞாயித்துக்கிழமை திரும்பி வந்தது வேற யாரோ. வலை பின்னுது, அவிழ்க்குது, மறுபடி அதே இடத்தைப் பின்னுது. கேட்டா, "அவ முடிச்சிக்கினா"ன்னு ஒரே ஒரு வார்த்தை. நைனா, "இன்னாடா முடிச்சிக்கினா? நான் காட்டூர் போய் அவங்கம்மாகிட்ட பொண்ணு கேக்கணுமா வேணாமா?"ன்னு கேட்டார். அண்ணன் வலையைச் சுருட்டிக்கிட்டுப் படகுக்குப் போயிடுச்சு.

அந்த ஃபாண்டு கடையைக் கண்டுபிடிச்சது நான். ரெண்டு பேருக்கு, ஜன்னல் ஓரம், மெழுகுவத்தி வேணும்னு அண்ணன் பேரில் டேபிள் சொல்லி வெச்சதும் நான். நடுவில் அடுப்பு மேல ஒரு சட்டி, அதில் உருக்கின சீஸ், ஆளுக்கு ஒரு நீட்டு முள்கரண்டி, ரொட்டித் துண்டைக் குத்தி முக்கித் தின்னணும்னு அண்ணனுக்குப் பாடம் எடுத்ததும் நானே. உருகின சீஸைப் பார்த்து நீங்களும் உருகுவீங்கன்னு கணக்குப் போட்டேன். நீங்க உறைஞ்சு போயிட்டீங்க.

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. ரொட்டி நழுவிச் சட்டிக்குள் விழுந்தா, விழுந்தவங்க எழுந்து நின்னு கடையே கேட்கிற மாதிரி பாடணும், அது வெள்ளைக்காரன் ஊர் சட்டம்னு அண்ணனுக்கு ஒரு புளுகு விட்டிருந்தேன். நம்பிடுச்சு. மீன் குழம்பில் இட்லியைக் குத்திக் குத்திப் பழகிச்சு. இட்லி ஒண்ணும் நிக்கலை. ஒருவேளை அந்தப் பயத்தில் அங்கே ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணிச்சா? அப்படின்னா கோபத்தை எனக்குத் திருப்பி விடுங்க. நான் தாங்குவேன், பழக்கம்.

என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க. அண்ணின்னு கூப்பிடப் போற நேரம் பார்த்து இப்படி ஆகிடுச்சு.

சத்யா,
பிளஸ் ஒன், எல்லாப் பாடத்திலும் ஜஸ்ட் பாஸ்


சென்னை,
11 ஆகஸ்ட் 2025

சத்யா,

கடிதம் கிடைத்தது. வார்டன் பிரித்துப் பார்க்காமல் கொடுத்தது உன் அதிர்ஷ்டம்.

நான் பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தப் பாட்டுப் புளுகுதான் காரணமோ என்று நீ கவலைப்பட வேண்டாம். காரணம் அது இல்லை. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

கடை நன்றாகத்தான் இருந்தது. நீ கேட்ட ஜன்னல், நீ கேட்ட மெழுகுவத்தி. காலையிலிருந்து டயாலிசிஸ் வார்டில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, வாங்கி வைத்திருந்த பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஹெட்மாஸ்டர் வந்த மாதிரி. எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் திருக்கை முள் குத்திய காலோடு வந்து, நான் ஊசி எடுத்ததும் மயங்கி விழுந்தாரே, அந்த ஆள்தான் எதிரில் இருந்தார்.

சட்டி வந்தது. நான் ஒரு ரொட்டித் துண்டைக் குத்தி உள்ளே விட்டேன். அவர் விடவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சட்டியையே பார்த்தார். "சாப்பிடுங்க" என்றேன். "நீ சாப்புடு" என்றார். நான் எடுத்தேன், தின்றேன், இன்னொன்று குத்தினேன். அவர் கரண்டியை எடுத்தார், திரும்பக் கீழே வைத்தார். மறுபடி "நீ சாப்புடு."

இப்படியே பாதிச் சட்டி ஆயிற்று. பரிமாறுகிற பையன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தான். மூன்றாம் தடவை, "சார், உங்களுக்கு வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டான். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்குத் தனியா ஒரு தட்டுல எதாவது குடுங்க தம்பி."

தனியாக ஒரு தட்டு.

அந்தப் பையன் ஃபிரைட் ரைஸ் கொண்டுவந்து வைத்தான். அவர் தலை குனிந்து அதைச் சாப்பிட்டார். ஒரு சட்டியில் இரண்டு பேர் சாப்பிட என்றே இருக்கிற கடையில், நான் கை வைத்த சட்டியை அவர் தொடவில்லை. கடைசியில் சாக்லேட் சட்டி வரும் என்றார்கள். அதற்கு நான் இருக்கவில்லை.

நீ காட்டூரில் எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. வந்திருந்தால் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. எழுதாதே என்று சொல்லவில்லை. அவரைப் பற்றி எழுதாதே.

நன்றாகப் படி.

ஜாக்குலின்


லைட்ஹவுஸ் குப்பம்,
17 ஆகஸ்ட் 2025

அக்கா,

அண்ணனைப் பற்றி எழுதாதேன்னு சொன்னீங்க. அதனால் நாங்க மீன் பிடிக்கிற ஏரியைப் பற்றி எழுதறேன். நடுவில் ஒரு ஆள் குறுக்கே வந்தா நான் பொறுப்பில்ல.

உங்க கடிதத்தைப் படிச்சதும் எனக்கு வந்த கோபத்தில் அண்ணன் மேல ஒரு அன்னக்கூடைத் தண்ணியைக் கொட்டலாம்னு போனேன். படகு ஓரத்தில் உட்கார்ந்து வலைக்கு ஈயம் கோத்துக்கிட்டு இருந்துச்சு. கேட்டதை அப்படியே எழுதறேன்.

"அந்த அக்கா கை வெச்ச சட்டில நீ ஏன் கை வெக்கல?"

"யார் சொன்னது?"

"போஸ்ட்மேன். பதில் சொல்லு."

"அவ கரண்டி உள்ள இருந்துச்சு."

"இருந்தா இன்னா?"

"இன்னாவா? ஒருத்தர் வலை உள்ள இருக்கசொல்ல இன்னொருத்தர் போடுவாங்களா? அவ எடுக்கட்டும்னு குந்தினு இருந்தேன். அவ எடுத்த கையோட இன்னொண்ணு வுட்டா. சரி, இன்னிக்கு அவ நாளு, பொறந்தநாளு வேற, முழுசா அவளே வாரட்டும்னு வுட்டுட்டேன்."

"அப்புறம் தனித் தட்டு எதுக்கு?"

"பசிச்சுச்சு சத்யா. காத்தாலருந்து ஒண்ணும் துன்னல."

அக்கா, நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துட்டேன். நீங்க காட்டூர், வயல்காட்டு ஆளு, உங்களுக்கு இது அரைகுறையாத்தான் தெரிஞ்சிருக்கும். ஏரியில் நினைச்ச இடத்தில் நாங்க வலை கட்ட முடியாது. ஊர்ப் பெரியவங்க சீட்டுப் போட்டு, இன்னிக்கு இந்த இடம் இந்த வீட்டுக்கு, நாளைக்கு அடுத்த வீட்டுக்குன்னு முறை வெச்சிருப்பாங்க. அதுக்குப் பேர்தான் பாடு. அடுத்தவங்க பாடு இருக்கற இடத்தில் வலை விட்டா பஞ்சாயத்து, தண்டம், ஊரே முகத்தைத் திருப்பும். அண்ணன் மீசை முளைக்கிறதுக்கு முன்னால கத்துக்கிட்ட முதல் பாடம் அது. ஒரே தண்ணி, ரெண்டு வலைன்னா அதுக்குக் கை தானாப் பின்னால போயிடும்.

அந்தச் சட்டியை அது ஏரியாவே பார்த்திருக்கு. அவ்வளவுதான் நடந்தது. பாடச் சொன்னா பாடும்னு நினைச்சேன், பாடாம பாடு பார்த்துட்டு வந்திருக்கு.

"இத அவங்ககிட்ட சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டேன். "இது கூடவா சொல்லணும்? அவளுக்கே தெரியும்னு நெனச்சேன்"னு சொல்லிச்சு. சட்டையில் சீஸ் படலையே தவிர, மூளையில் நல்லாவே படிஞ்சிருக்கு.

தண்ணியைக் கொட்டிட்டேன். காரணம் மாறினாலும் கொண்டுபோன தண்ணி வீணாகக் கூடாது இல்லையா.

இப்ப எல்லாம் தெளிவாயிடுச்சு. பிளாக்கை எடுத்துடுங்க. நைனாகிட்ட காட்டூருக்கு எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லணும்.

சத்யா


சென்னை,
23 ஆகஸ்ட் 2025

சத்யா,

உன் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். "பசிச்சுச்சு சத்யா" என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் என்ன என்று கேட்டார். சொல்லவில்லை.

நான் அதை நம்புகிறேன். அவர் அப்படிப்பட்டவர்தான். ரயில் கதவில்கூட எல்லோரும் ஏறி முடித்த பிறகுதான் ஏறுவார்.

ஆனால் பிளாக்கை எடுக்கவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. வார்டில் நடந்துகொண்டே, பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்தேன். நான் தப்பாக நினைத்தேன், சரி. ஆனால் அப்படி நினைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லையே. வேறு எதையும் யோசிக்காமல் நேராக அதைத்தான் யோசித்தேன். ஏன்?

ஏப்ரலில் முதல்முறையாக உங்கள் வீட்டுக்கு வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? உங்க அம்மா டீ போட்டார்கள். நைனாவுக்கு, முரளிக்கு, உனக்கு, பக்கத்து வீட்டு மாலாவுக்குக்கூட சில்வர் டம்ளர். எனக்குப் பேப்பர் கப். பரணில் இருந்து புதுக் கட்டைப் பிரித்து ஒன்று எடுத்தார்கள். சிரித்த முகத்தோடுதான் கொடுத்தார்கள். குடித்து முடித்ததும், "வெளிய தொட்டில போட்டுடும்மா" என்றார்கள். நீதான் உடனே, "அக்கா முதல் ரவுண்டிலேயே ஜெயிச்சுட்டாங்க, கப் குடுத்துட்டாங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முரளி சிரிக்கவில்லை. அவர் அந்தக் கப்பைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

அன்றைக்கு அவர் ஏதாவது சொல்லியிருந்தால், அந்தக் கடையில் அவர் தனித் தட்டு கேட்டபோது நான் கேலி செய்துவிட்டு அவருடைய ஃபிரைட் ரைஸிலிருந்து ஒரு கரண்டி எடுத்திருப்பேன்.

பாடு என்று எழுதினாயே, அது எனக்கு அரைகுறையாக இல்லை, முழுசாகவே தெரியும். நடவு வேலை இல்லாத மாதங்களில் எங்க அம்மா ஏரியில் இறங்குவார். இறால் போடும் பறிக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் தவழ்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் எடுப்பார். சின்ன வயதில் கரையில் நான் உட்கார்ந்திருப்பேன். படகில் வருகிறவர்கள், "இது எங்க பாடு, எழுந்து போ" என்பார்கள். அம்மா எழுந்து வருவார். கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி இறங்குவார்.

உங்கள் முறை நல்ல முறைதான். எல்லோருக்கும் ஒரு நாள் வரும், சண்டை வராது. அந்தச் சீட்டில் எங்கள் தெருவின் பேர் மட்டும் எந்த நாளும் இருந்ததில்லை. அடுத்தவர் நாளுக்காகக் காத்திருக்கிறவர் நல்லவர் என்று நீ சொல்கிறாய். நாளே இல்லாதவர்களைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்க மாட்டேன். நீயும் கேட்டுச் சொல்லாதே. அவருக்கே தோன்றட்டும்.

உன் மேல் கோபம் இல்லை.

ஜாக்குலின்


லைட்ஹவுஸ் குப்பம்,
31 ஆகஸ்ட் 2025

அக்கா,

அந்த கப் விஷயத்தில் நான் சொன்ன ஜோக் நல்ல ஜோக்னு இத்தனை மாசமும் நினைச்சிருந்தேன். ஸ்கூலில் ரெண்டு பேர்கிட்ட சொல்லியும் காட்டியிருக்கேன். அம்மா உங்களை ஸ்பெஷலா கவனிச்சதாத்தான் எனக்குத் தோணிச்சு. எனக்கு அப்படித் தோணினதே ஒரு சொகுசுன்னு இப்பத்தான் புரியுது.

மூணு நாள் சும்மா இருந்தேன். என்னால் அதுக்கு மேல முடியாதுன்னு உங்களுக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை சுண்ணாம்புக்குளத்தில் இருந்து மாமா வீட்டுக்காரங்க கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாங்க. அம்மா என்னை டீ போடச் சொல்லிச்சு. வந்தவங்க எல்லாருக்கும் சில்வர் டம்ளரில் குடுத்தேன். பரணில் இருந்து அதே கட்டை எடுத்து, அம்மாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஊத்தி நீட்டினேன்.

மாமா, "இன்னா லோகா, உனக்கு மட்டும் கடை டீயா?"ன்னு கேட்டார். அம்மா, "இவளுக்கு வெளையாட்டு"ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. ஆனா குடிக்கலை. அவங்க போற வரைக்கும் கையிலேயே வெச்சிருந்துச்சு. டீ மேல ஏடு கட்டிடுச்சு.

அவங்க போனதும், "இன்னாடி இது?"

"கப்புமா. வெளிய தொட்டில போட்டுடு."

கையை ஓங்கிச்சு. ஓங்கின கை பாதியில் இறங்கிடுச்சு. எனக்கு அடி வாங்கியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது.

சாயங்காலம் வாசலில் மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். செதிலைத் தேய்ச்சுக்கிட்டே கேட்டுச்சு.

"அந்தப் பொண்ணு சொல்லிச்சா?"

"ம்."

"நான் அத மனசுல வெச்சிக் குடுக்கல. சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பொண்ணு, மெட்ராசுல வேலை செய்யுது, சுத்தமா குடுக்கலாம்னு."

நான் சும்மா இருந்தது அம்மாவுக்குப் புதுசு போல. இன்னொரு மீனை எடுத்துச்சு, வயித்தைக் கீறிச்சு, கழுவிச்சு. அப்புறம் தலையை நிமிர்த்தாம, "வெச்சிதான் குடுத்தேன்"ன்னு சொல்லிச்சு.

இதை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அம்மா மானம் போகுதே. ஆனா அந்த ரெண்டாவது வரியை அதுவா சொல்லிச்சு, நான் பிடுங்கலை. அதனால் எழுதறேன்.

திரும்பினா அண்ணன் நிக்குது. எல்லாத்தையும் கேட்டுட்டு. நீங்க கேட்கக் கூடாதுன்னீங்க, நான் கேட்கலை. அதுவே சொல்லிச்சு, அம்மாவைப் பார்த்து. "நான் அன்னிக்கே பார்த்தேன்மா. அப்புறமா சொல்லலாம்னு வுட்டுட்டேன்."

"எப்ப அப்புறமா?"ன்னு நான்தான் கேட்டேன். இதுக்கும் யாராவது வந்து உன் முறை வந்துடுச்சுன்னு சொல்லுவாங்கன்னு காத்திருந்திருக்கு.

அம்மா ரெண்டு நாளா என்கிட்ட பேசலை. சோறு மட்டும் போடுது. அண்ணன் நைனாவோட ஏதோ பேசிச்சு, என்னன்னு தெரியலை, நான் போனா நிறுத்திடறாங்க. என்னைப் பார்த்து ரகசியம் பேசற காலம் வந்துடுச்சு.

சத்யா


சென்னை,
8 செப்டம்பர் 2025

சத்யா,

நேற்று முரளி ஹாஸ்டல் வாசலுக்கு வந்தார். நீ அனுப்பினாயா என்று கேட்டேன். "அவளுக்குத் தெரிஞ்சா கூடவே வந்திருப்பா" என்றார். அது உண்மை.

வார்டன் இரண்டு நாற்காலி போட்டு, நடுவில் மூன்றாவது போட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். அதனால் முரளி என்னிடம் சொல்ல வந்ததை எல்லாம் வார்டனும் கேட்டார். கப்பைப் பார்த்தேன், பேசவில்லை, பேசாதது தப்பு என்று சொன்னார். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. வார்டன்தான், "தண்ணி குடிப்பா" என்றார்.

எனக்கு அது பிடித்தது. ஆனால் போதவில்லை. என்னிடம் தனியாக வந்து சொல்வது சுலபம். கல்யாணம் ஆனால் நான் வாழப் போவது உங்கள் வீட்டில். அங்கே எல்லோரும் இருக்கும்போது அவர் வாய் திறப்பாரா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

14ஆம் தேதி ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து எங்க அம்மா சமைப்பார். உங்கள் வீட்டில் யார் யார் வர நினைக்கிறார்களோ வாருங்கள். பழம், ஸ்வீட், மீன் எதுவும் கொண்டு வர வேண்டாம். வாசலில் நாற்காலி போட்டுப் பேசிவிட்டு எழுந்து போகிற பேச்சும் வேண்டாம். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் மட்டும் வரட்டும்.

நான் அன்றைக்கு வார்டு டியூட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். வேண்டுமென்றேதான். நான் இருந்தால் எல்லோரும் என் முகத்தைப் பார்த்து நடந்துகொள்வீர்கள். நான் இல்லாதபோது என்ன நடந்தது என்று நீ எழுது. நல்லதாக மாற்றி எழுதாதே. நீ புளுகினால் எனக்குத் தெரியும், உன் கையெழுத்து நேராகிவிடும்.

ஜாக்குலின்


லைட்ஹவுஸ் குப்பம்,
14 செப்டம்பர் 2025

அக்கா,

கையெழுத்து கோணலா இருக்கா, பார்த்துக்குங்க.

காலையில் நைனா, அண்ணன், நான் மூணு பேரும் ஆட்டோவில் ஏறினோம். அம்மா வரலைன்னு ரெண்டு நாளா சொல்லிக்கிட்டிருந்தது. நாங்க கூப்பிடலை, நைனா வேண்டாம்னுட்டார். ஆட்டோ திரும்பும்போது அம்மா வாசலில் நின்னுச்சு. உடுத்தியிருந்தது நல்ல புடவை. அண்ணன் இறங்கி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துக்கிச்சு, அம்மா ஏறிச்சு.

உங்க அம்மா தெருமுனையில் நின்னாங்க. மேரி அத்தைன்னு கூப்பிட்டேன், கோவிச்சுக்கலை. உங்க தெருவே எட்டிப் பார்த்துச்சு. உங்க பெரியப்பா பால்ராஜ் எங்களை மேலும் கீழும் பார்த்துட்டு, "உள்ள வாங்க"ன்னார், அதில் வரவேற்பு எவ்வளவு, சோதனை எவ்வளவுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியலை.

உள்ளே பாய். உட்கார்ந்தோம். பெரியவங்க முதலில் பேசணும், அதுதான் வழக்கம். நைனா தொண்டையைச் செருமினார். வழக்கமா அவர் மூணு தடவை செருமினாத்தான் ஒரு வார்த்தை வரும். ஒரு தடவைதான் ஆச்சு, அண்ணன் முந்திக்கிச்சு.

"அத்தை, எங்க வூட்ல ஜாக்குலினுக்கு ஒரு மரியாதக் கொறவு நடந்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன். பார்த்துனு சும்மா இருந்துட்டேன். அது எங்கம்மா தப்பு பாதி, என் தப்பு பாதி. இனிமே யார் வூடா இருந்தாலும் சும்மா இருக்க மாட்டேன். நீங்க பொண்ணு குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி. திட்டறதுனா இப்பவே திட்டிடுங்க."

எங்க அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்ல. அதுவும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க. அம்மா முகம் கறுத்துப் போச்சு. புடவைத் தலைப்பை விரலில் சுத்திச்சு, எழுந்து போயிடும்னு நினைச்சேன். எழுந்திருக்கலை.

உங்க அம்மா எல்லாரையும் ஒரு சுத்துப் பார்த்தாங்க. "திட்டறதுக்கு நெறைய கீதுபா. ஒரு நாள்ல முடியாது. மொதல்ல சாப்புடு"ன்னாங்க.

இறால் தொக்கு. நைனா ரெண்டு வாய் சாப்பிட்டு, "ஏரி எறா"ன்னார். அத்தை, "ஆமா, கையால தடவினது"ன்னாங்க. "எந்தாண்ட?" "தெக்கு ஓடைக்கிட்ட." அது எங்க பாடுன்னு எனக்கே தெரியும், நைனாவுக்குத் தெரியாதா? எல்லாரும் மெல்லறதை நிறுத்தின மாதிரி இருந்தது. நைனா இன்னொரு இறாலை எடுத்தார். "அங்க திருக்கை மேயும்மா. கால இழுத்து இழுத்து வெச்சிப் போ"ன்னார். அத்தை தலையாட்டினாங்க. போகாதேன்னு அவர் சொல்லலை. போகலாம்னு பாடு வெச்சிருக்கிறவங்க எல்லார் சார்பிலும் சொல்ல அவரால் முடியாது. சொன்னது அவ்வளவுதான்.

அம்மாதான் இன்னும் சோத்தில் கை வைக்கலை. தட்டைப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் பிசைஞ்சுச்சு. முதல் வாய் எடுக்க ரொம்ப நேரம் ஆச்சு. சந்தோஷமாச் சாப்பிட்டுச்சுன்னு எழுத மாட்டேன். ஆனா சாப்பிட்டுச்சு, தட்டில் மிச்சம் வைக்கலை. கிளம்பும்போது உங்க அம்மாகிட்ட ஏதோ சொல்ல வாயைத் திறந்துச்சு, அப்புறம், "தொக்குல பூண்டு நெறைய போடுவீங்களா?"ன்னு கேட்டுச்சு. "ஆமா"ன்னாங்க. அதோட முடிஞ்சுது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் படகில் போய்ப் படுத்துக்கிச்சு. ராத்திரி முழுக்க வலை இழுத்த மாதிரி அலுப்பாம். பேசினதுக்கு.

ஒரு வார்த்தையும் கூட்டலை, குறைக்கலை. முதல் தடவையா ஒரு ஜோக்கும் இல்லாம எழுதிட்டேன், உடம்பு சரியில்லையோன்னு தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.

சத்யா


சென்னை,
20 செப்டம்பர் 2025

சத்யா,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அம்மாவிடம் போனில் கேட்டேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். நீ ஓரிடத்தில் விட்டிருக்கிறாய். உங்க அம்மா இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை, எங்க அம்மாவாகப் போட்டபோது கையால் மறைக்கவும் இல்லை என்றார். நீ கவனிக்கவில்லை போல.

அம்மாவிடம், "என்ன தோணுதும்மா?" என்றேன். பின்னால் வயலில் டிராக்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்: "பையன் பரவால்ல. அவங்கம்மாதான் கஷ்டப்பட்டு முழுங்குச்சு. ஆனா முழுங்குச்சுடி."

இந்த வாரம் முழுக்க நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்க அம்மா மாறிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்கே நான் அந்த வீட்டுக்கு வந்தால் அவர்களுக்கு ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை முழுங்க வேண்டியிருக்கும். எனக்கும்தான். அம்மா அதைத் தெரிந்துதான் சொன்னார். முரளிக்குத் தெரியுமா என்று இன்னும் தெரியவில்லை. அன்றைக்கு அவர் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு. கல்யாணம் என்றால் திங்கள், செவ்வாய் எல்லாம் இருக்கிறது.

அவருடைய நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். உன்னுடையதை இன்னும் எடுக்கவில்லை, நீ கடிதத்தில் கொஞ்சம் அமைதியாக இருக்கிறாய்.

28ஆம் தேதி எனக்கு விடுமுறை. காட்டூர் வருகிறேன். முரளியை மதியம் ஏரிக்கரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவும் வருவார். அன்றைக்கு அம்மா ஏரியில் இறங்கப் போகிறார், தெற்கு ஓடையில்தான். படகில் வருகிறவர்கள் அம்மாவை எழுந்து போகச் சொன்னால், கரையில் முரளி எங்கே நிற்கிறார் என்று பார்க்கப் போகிறேன். முன்கூட்டியே எதையும் அவருக்குச் சொல்லிக் கொடுக்காதே.

வருகிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன், சம்மதம் என்று எழுதவில்லை. உனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும். எனக்கு இன்னும் ஒன்றாகவில்லை. ஆகும் என்று நினைக்கிறேன்.

ஜாக்குலின்